மூடி வச்சா அணைஞ்சிடாதா? லினக்ஸ் லேப்டாப் தூங்கப் பழகிய கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு சூடான பையில இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கத்துல மதுரை பஸ் ஏறினேன். லேப்டாப்ல 96 சதவீதம் சார்ஜ். மூடியை மூடி, பைக்குள்ள வச்சுட்டுத் தூங்கிட்டேன். வழியில டயர் பஞ்சராகி, மாட்டுத்தாவணி வந்து சேரும்போது காலை ஒன்பது மணி. பையைத் தூக்கினா உள்ள இட்லிப் பானை வச்ச மாதிரி சூடு. பவர் பட்டனை அழுத்தினேன், ஒண்ணுமே இல்ல. வீட்டுக்குப் போனா, மாதாந்திரப் பராமரிப்புன்னு கரண்ட் கட். பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூ. கோடிங் ரவுண்டை போன்ல, கட்டை விரலால டைப் பண்ணி முடிச்சேன். அந்த வேலை கிடைக்கல.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "மூடி வச்சா அணைஞ்சிடாதாடா?"

நியாயமான கேள்வி. ஆனா அதுக்குப் பதில் சொல்ல முப்பது வருஷம் பின்னாடி போகணும்.

1992-ல இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து ஏபிஎம்னு ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க. அதுல மின்சாரத்தைப் பத்தின முடிவு பெரும்பாலும் பயாஸ் கையில. மதர்போர்டுல இருக்கிற அந்தச் சின்ன ப்ரோகிராமுக்கு நீங்க என்ன வேலை பார்த்துக்கிட்டிருக்கீங்கன்னு தெரியாது. உள்ள ஆள் இருக்காங்களான்னு பார்க்காம வாட்ச்மேன் மெயின் ஸ்விட்சை அணைக்கிற மாதிரி.

இதைச் சரிபண்ண 1996 டிசம்பர்ல இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூணும் சேர்ந்து ஏசிபிஐ தரத்தை வெளியிட்டாங்க. இனிமே முடிவெடுக்கறது ஆப்பரேட்டிங் சிஸ்டம். ஆனா ஒவ்வொரு லேப்டாப்லயும் ஃபேன் வேற, பேட்டரி சர்க்யூட் வேற. அதையெல்லாம் சிஸ்டம் எப்படித் தெரிஞ்சுக்கும்? அதுக்காக, லேப்டாப் தயாரிக்கிறவங்க ஃபர்ம்வேருக்குள்ள டிஎஸ்டிடின்னு ஒரு டேபிள் வச்சாங்க. அதுக்குள்ள இருக்கிறது வெறும் தகவல் இல்ல, ஓட்ட வேண்டிய பைட்கோடு. அதாவது, யாரோ எழுதின ப்ரோகிராமை கெர்னலே உட்கார்ந்து ஓட்டணும்.

காகிதத்துல அருமையான யோசனை. நடைமுறையில, தயாரிப்பாளர்கள் அந்தக் கோடை விண்டோஸ்ல ஓட்டிப் பார்த்தாங்க, ஓடுச்சு, லேப்டாப்பை வித்துட்டாங்க. மைக்ரோசாஃப்ட் கம்பைலர் கண்டுக்காம விட்ட தப்புகளை இன்டெல் கம்பைலர் பிடிச்சுச்சு. அதனால 2000-களோட தொடக்கத்துல லினக்ஸ் போட்டவங்க செஞ்ச ஒரு வேலை இன்னைக்கு நம்ப முடியாதது. தன்னோட லேப்டாப் டேபிளை வெளிய எடுத்து, திரும்ப மனுஷன் படிக்கிற கோடா மாத்தி, தப்பைத் திருத்தி, கம்பைல் பண்ணி, கெர்னலுக்கு ஊட்டுவாங்க. பேட்டரி எவ்வளவு மிச்சம்னு பார்க்கத்தான் இவ்வளவும்!

இது சதியா? 1999 ஜனவரியில பில் கேட்ஸ் எழுதின ஒரு மெயில், அமெரிக்காவோட அயோவா மாநிலத்துல நடந்த வழக்கு மூலமா 2007-ல பேசுபொருளாச்சு. நாமும் கூட்டாளிகளும் ஏசிபிஐக்கு உழைச்சு, அந்த உழைப்பு இல்லாமலே லினக்ஸும் நல்லா ஓடிட்டா வருத்தமா இருக்குமே, இதை விண்டோஸுக்கு மட்டும் பொருந்துற மாதிரி செய்ய முடியுமான்னு அதுல யோசிக்கிறார். படிச்சப்போ எனக்குக் கோபம் வந்துச்சு. ஆனா யோசிச்சது வேற, செஞ்சது வேற. அந்த மெயில் முதலாவதைத்தான் காட்டுது. ஏசிபிஐ தரம் எல்லாரும் படிக்கிற மாதிரி திறந்தேதான் இருந்துச்சு. என் கணிப்புல பெரும்பாலான தப்புகளுக்குக் காரணம் சதி இல்ல, லினக்ஸ்ல யாரும் ஓட்டிப் பார்க்காததுதான்.

இதுக்கு லினக்ஸ் கண்டுபிடிச்ச வழி வேடிக்கையானது. ஃபர்ம்வேர் பூட் ஆகும்போது "நீ எந்த சிஸ்டம்?"னு கேட்கும். "லினக்ஸ்"னு உண்மையைச் சொன்னா, யாரும் சோதிக்காத பாதைக்குள்ள போக வேண்டியிருக்கும். அதனால 2007-ல வந்த 2.6.23 கெர்னல்ல இருந்து அந்தப் பதிலை நிறுத்திட்டாங்க. விண்டோஸ் பதிப்புகளோட பேரைக் கேட்டா மட்டும் "ஆமா"ங்கும். உங்க லினக்ஸ் லேப்டாப் இன்னைக்குக் காலையிலயும் இந்தப் பொய்யைச் சொல்லித்தான் எழுந்துச்சு.

ஆனா எல்லாப் பழியையும் அடுத்தவங்க மேல போட முடியாது. 2.6 கெர்னல் ஆரம்பத்துல சாதாரண பிசியில நொடிக்கு 1000 தடவை ப்ராசசரை எழுப்பிக்கிட்டே இருந்துச்சு, வேலையே இல்லாதப்பவும்! அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் தட்டி எழுப்பி "தூங்கிட்டியா?"னு கேட்டா யார் தூங்குவா? 2007 ஏப்ரல்ல வந்த 2.6.21-லதான் வேலை இல்லாதப்போ இந்தத் தட்டல் நின்னுச்சு. அடுத்த மாசமே இன்டெல் பவர்டாப்னு ஒரு கருவியை வெளியிட்டாங்க. எந்த ப்ரோகிராம் எத்தனை தடவை எழுப்புதுன்னு வரிசையா காட்டும். நம்ம ஆளுங்களே எழுதின அப்ளிகேஷன்கள் குற்றவாளிக் கூண்டுல நின்னுச்சு.

அப்புறம் 2011. 2.6.38 கெர்னல் போட்ட பலரோட லேப்டாப்ல பேட்டரி திடீர்னு சீக்கிரம் தீர ஆரம்பிச்சுது. ஃபோரோனிக்ஸ் தளத்தை நடத்துற மைக்கேல் லாரபெல், மாற்றங்களை ஒவ்வொண்ணா பிரிச்சுச் சோதிச்சு, பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளைத் தூங்க வைக்கிற ஏஎஸ்பிஎம்தான் விஷயம்னு கண்டுபிடிச்சார். "இங்க ஏஎஸ்பிஎம் இல்ல"ன்னு பயாஸ் சொன்னா, கெர்னல் அதை எல்லா இடத்துலயும் அணைச்சுடுச்சு. விண்டோஸோ, பயாஸ் ஏற்கெனவே வச்சிருந்த அமைப்பைத் தொடாம விட்டுடும். அதைக் கவனிச்சு அதே மாதிரி நடந்துக்கிற பேட்சை மேத்யூ காரெட் அந்த வருஷக் கடைசியில எழுதினார். தரத்துல என்ன எழுதியிருக்குன்னு பார்த்தா பத்தாது, விண்டோஸ் என்ன செய்யுதுன்னும் பார்க்கணும். எழுதப்படாத தரம் அதுதான்.

இப்போ என் பைக்கு வருவோம். பழைய லேப்டாப்கள்ல எஸ்3ன்னு ஒரு தூக்கம் உண்டு: மெமரிக்கு மட்டும் கரண்ட், மத்ததெல்லாம் ஆஃப். 2012-ல விண்டோஸ் 8, போன் மாதிரி எப்பவும் அரைத்தூக்கத்துல இருக்கிற முறையைக் கொண்டு வந்துச்சு. 2015-ல விண்டோஸ் 10 அதை மாடர்ன் ஸ்டேண்ட்பைன்னு விரிவாக்குச்சு. அதுக்கப்புறம் வந்த நிறைய லேப்டாப்கள்ல எஸ்3-யையே எடுத்துட்டாங்க. இந்தப் புது முறையில ஒவ்வொரு சாதனமும் தானா அடங்கணும். ஒண்ணு அடங்கலைன்னாலும் ப்ராசசர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாது.

மதுரையில கரண்ட் வந்ததும் பார்த்தேன். என் லேப்டாப்ல எஸ்3 இல்லவே இல்ல. மூடி வச்சுத் திறந்து, ஆழ்ந்த தூக்கத்துல இருந்த நேரத்தைக் காட்டுற கவுன்ட்டரைப் பார்த்தேன். பூஜ்யம். ராத்திரி முழுக்கக் கண்ணை மூடிப் படுத்திருந்துச்சு, தூங்கவே இல்ல. ரெண்டு நாள் தேடி ஆளைப் பிடிச்சேன்: நான் ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத மெமரி கார்டு ரீடர். அது உட்கார்ந்திருந்த இணைப்புல ஏஎஸ்பிஎம் அணைஞ்சிருந்துச்சு. ஆமா, 2011-ல பார்த்த அதே ஏஎஸ்பிஎம். பயாஸ்ல கார்டு ரீடரை ஆஃப் பண்ணினேன், கவுன்ட்டர் ஏற ஆரம்பிச்சுது. அன்னைக்கு ராத்திரி போன சார்ஜ் 4 சதவீதம்.

அந்த வேலை திரும்ப வரல. ஆனா, நான் திட்டின லினக்ஸ்தான் அந்தக் கவுன்ட்டரையும் எனக்குக் காட்டுச்சு. எங்கயோ யாரோ ஒருத்தர் அதை வெளிய தெரியுற மாதிரி எழுதி வச்சதாலதான் என்னால தேட முடிஞ்சுது.

அம்மாவுக்குப் பதில் இதுதான்: "அணையாதும்மா, தூங்கும். தூங்குச்சான்னு நாமதான் பார்க்கணும்." நீங்களும் ஒரு ராத்திரி வீட்டுல மூடி வச்சு, காலையில எத்தனை சதவீதம் போயிருக்குன்னு பாருங்க. அதுவரைக்கும் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஷட்டவுன் பண்ணிடுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.