காலமறிந்து ஓடியோர்

விதை விதைத்தவன் மறுநாளே அரிவாளைத் தீட்டுவதில்லை. பயிர் வளரவும் கதிர் முற்றவும் காத்திருப்பதும் உழவுத் தொழிலின் ஒரு கூறேயாகும். இவ்வுண்மை உழவர்க்கு மட்டும் உரியதன்று, 42.195 கிலோமீட்டர் தொலைவை ஓடிக் கடக்க முனையும் மாரத்தான் வீரர்க்கும் உரியதாகும். உடலின் ஆற்றல் முழுமையாக முதிரும் நாளும் போட்டி நடைபெறும் நாளும் ஒன்றாக அமைதல் வேண்டும். ஆற்றல் முன்னரே முதிர்ந்துவிடுமாயின், போட்டி நாளில் எஞ்சுவது களைப்பு மட்டுமே. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஓட்டக்காரரும் பயிற்றுநரும் இப்பாடத்தைக் கற்றுக்கொண்ட வரலாறு, வெற்றியும் வேதனையும் கலந்த வரலாறாகும்.

ஆறு வார இடைவெளி

1950களின் தொடக்கத்தில் மாரத்தான் ஓட்டத்தில் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸுக்கு நிகராக நின்றவர் மிகச் சிலரே. மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கும் தொழிலைச் செய்துகொண்டே அவர் நாள்தோறும் ஓடினார். பயிற்சியின்போதும் போட்டி வேகத்தை ஒட்டிய வேகத்திலேயே ஓடுவது அவர் வழக்கம். அதுவரை மெதுவாக ஓடிப் பழகிய மாரத்தான் வீரர்களுக்கு அஃது ஒரு புதுமையாக இருந்தது. அம்முறையின் பயனும் கண்கூடாகத் தெரிந்தது. 1952 ஜூன் 14ஆம் நாள், இங்கிலாந்தில் நடைபெற்ற பாலிடெக்னிக் மாரத்தானில் 2 மணி 20 நிமிடம் 42 விநாடியில் ஓடி, உலகின் மிகச் சிறந்த நேரத்தை அவர் நிலைநாட்டினார்.

ஆயினும், அவ்வாண்டின் பெரும் போட்டி அதுவன்று. ஆறு வாரங்களுக்குப் பின்னர், ஜூலை 27ஆம் நாள் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் மாரத்தான் நடைபெற்றது. பீட்டர்ஸ் தொடக்கத்திலேயே விரைந்து முன்னே சென்றார். 30 கிலோமீட்டரைக் கடந்தபின் அவர் கால்கள் பிடித்துக்கொண்டன. ஓட்டத்தை முடிக்க இயலாமல் விலகினார். அதுவரை ஒரு மாரத்தானையும் ஓடியறியாத செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் சாடோபெக் 2 மணி 23 நிமிடம் 3 விநாடியில் முதலிடம் பெற்றார். பீட்டர்ஸ் ஜூன் திங்களில் ஓடிய நேரத்தைவிட இது இரண்டு நிமிடங்களுக்கு மேல் அதிகம் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இரண்டாண்டுகள் கழித்து அதே நிகழ்ச்சி இன்னும் கொடிய வடிவில் திரும்பியது. 1954 ஜூன் 26ஆம் நாள் பீட்டர்ஸ் 2 மணி 17 நிமிடம் 39 விநாடியில் ஓடித் தம் சாதனையைத் தாமே மேம்படுத்தினார். ஆறே வாரங்களில், ஆகஸ்டு 7ஆம் நாள், கனடாவின் வான்கூவர் நகரில் பேரரசு விளையாட்டுப் போட்டியின் மாரத்தான் நடைபெற்றது. கடும் வெயிலில் ஓடி விளையாட்டரங்கினுள் நுழைந்தபோது, பீட்டர்ஸ் அடுத்தவரைவிட ஏறத்தாழ 17 நிமிடம் முன்னணியில் இருந்தார். ஆனால், அவர் கால்கள் அவர் சொற்படி நடக்கவில்லை. விழுந்தார், எழுந்தார், தள்ளாடினார், மீண்டும் விழுந்தார். அரங்கினுள் சுமார் 200 மீட்டரைக் கடக்க அவருக்குப் பதினொரு நிமிடம் பிடித்தது. இறுதிக் கோட்டை எட்டுமுன்னரே அவரைத் தாங்கி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். ஸ்காட்லாந்தின் ஜோ மக்கீ வெற்றி பெற்றார். எடின்பரோ கோமகன் பின்னர்ப் பீட்டர்ஸின் துணிவைப் பாராட்டிப் பொற்பதக்கம் ஒன்றை அனுப்பினார். எனினும், அதன்பின் பீட்டர்ஸ் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை.

வான்கூவரில் அவரை வீழ்த்தியது முதன்மையாக அன்றைய வெப்பமும், அவ்வெப்பத்தைப் பொருட்படுத்தாத வேகமுமே என்பதை மறுக்கவியலாது. ஆயினும், இரண்டு ஆண்டுகளிலும் அவருடைய தலைசிறந்த நாள் பெரும்போட்டிக்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே வந்து கழிந்துவிட்டது என்பது நாள்காட்டி கூறும் செய்தி. உழைப்பில் அவருக்குக் குறையில்லை, மனவுறுதியிலும் குறையில்லை. எந்த நாளுக்காக ஆற்றலைச் சேமிப்பது என்னும் வினாவே விடையின்றி நின்றது.

காலணித் தொழிலாளியின் ஆய்வு

அவ்வினாவிற்கு விடை கண்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் காலணித் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆர்தர் லிடியார்ட் என்பவர். 1917ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையில் ரக்பி ஆடியவர். முப்பது வயதை நெருங்கும் வேளையில், மூத்த ஓட்டக்காரர் ஒருவருடன் ஐந்து மைல் ஓடிப் பார்த்து மூச்சிரைத்து நின்றார். இந்த வயதிலேயே இந்நிலை என்றால் நாற்பதைக் கடந்தபின் என்னாகும் என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. அன்று முதல் தம் உடலையே ஆய்வுக்களமாக்கிக் கொண்டார்.

பல ஆண்டுகள் அவ்வாய்வு தொடர்ந்தது. வாரத்திற்குச் சில மைல் ஓடிப் பார்த்தார்; மிகப் பல மைல் ஓடியும் பார்த்தார். விரைவாக ஓடுவதால் வருவது யாது, மெதுவாக ஓடுவதால் வருவது யாது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். குடும்பத்தைக் காக்க இரவில் வீடுதோறும் பால் கொண்டு சேர்க்கும் வேலையையும் செய்தார். முடிவில், வாரத்திற்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், களைத்து விழாத வேகத்தில் ஓடுவதே உறுதியான அடித்தளம் என்று கண்டார். 1953இலும் 1955இலும் நியூசிலாந்து மாரத்தான் வெற்றியாளர் பட்டத்தை அவரே பெற்றார். அண்டை வீட்டு இளைஞர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆக்லாந்தின் மேற்கேயுள்ள வைட்டாகெரே மலைப்பாதையில் அவர்கள் 22 மைல் ஓடினர். ஒரு மைல் ஓடுபவரும் மாரத்தான் ஓடுபவரும் அங்கே சேர்ந்தே ஓடினர் என்பது பலருக்கு வியப்பளித்தது.

படிப்படியாக ஏறுதல்

அக்காலத்தில் ஐரோப்பாவில் இடைவெளிப் பயிற்சி என்னும் முறை பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. குறுந்தொலைவை விரைந்து ஓடுதல், சிறிது இளைப்பாறுதல், மீண்டும் விரைந்து ஓடுதல் என்பது அதன் அமைப்பு. லிடியார்ட் அதனை முற்றிலும் தள்ளவில்லை. அதற்குரிய காலத்தையே வரையறுத்தார். போட்டி நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பயிற்சியைப் படிகளாகப் பகுத்தார்.

முதற்படி, பல வாரங்கள் நீளும் அடித்தளப் பயிற்சி. நெடுந்தொலைவை அளவான வேகத்தில் ஓடுதலே இப்படியின் பணி. இரண்டாம் படி, மேட்டுப்பாதைகளில் தாவி ஏறிக் கால்களுக்கு வலுவூட்டுதல். மூன்றாம் படியிலேதான் ஓடுகளத்தின் விரைவோட்டங்கள் வருகின்றன. அவையும் சில வாரங்களே. இறுதிப் படியில் பயிற்சியின் அளவு குறைகிறது. உடல் புத்துணர்ச்சி பெறுகிறது. வீரர் தம் முழு ஆற்றலோடு தொடக்கக் கோட்டில் நிற்கிறார்.

இவ்வரிசைக்கு உடலியல் சார்ந்த காரணம் உண்டு. அளவான வேகத்தில் நெடுநேரம் ஓடும்போது தசைகளைச் சூழ்ந்துள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உயிர்வளியைப் பயன்படுத்தி ஆற்றலை உண்டாக்கும் உயிரணு நுண்ணுறுப்புகளும் மிகுகின்றன. இவ்வளர்ச்சி மெல்ல நிகழ்வது. திங்கள் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் தொடர்வது. கடும் வேகப் பயிற்சியோ, உடல் பெறும் உயிர்வளி போதாத நிலையில் நிகழ்வது. அப்பொழுது தசைகளில் அமிலத்தன்மை மிகுகிறது. அந்நிலையைத் தாங்கும் திறன் சில வாரங்களிலேயே தன் எல்லையை எட்டிவிடும். அதற்கு மேலும் ஓய்வின்றித் தொடர்ந்தால் வளர்வது திறனன்று; அயர்ச்சியே. எனவே, வேகப் பயிற்சியை முந்தித் தொடங்குபவர் முந்தியே உச்சத்தை அடைகிறார். போட்டி நாளுக்குள் இறங்கியும் விடுகிறார்.

இம்முறையைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பதோ அரிது. அடித்தளப் பயிற்சி நடைபெறும் வாரங்களில் மற்றவர் சிறு போட்டிகளில் வென்று புகழ் பெறுவர். செய்தித்தாள்கள் அவர்களைப் பாராட்டும். பின்தங்கி ஓடும் வீரர் அந்நாள்களில் தம் பயிற்றுநரை நம்பித் தம்மை அடக்கிக்கொள்ள வேண்டும். ஓடுவதற்கு வேண்டிய துணிவைவிட ஓடாமலிருப்பதற்கு வேண்டிய துணிவு பெரிது.

ரோம் நகரில் ஒரு நாள்

அத்துணிவு 1960 செப்டம்பர் 2ஆம் நாள் ரோம் ஒலிம்பிக்கில் பயன் தந்தது. அன்று 800 மீட்டர் இறுதியோட்டத்தில், உலகம் அதிகம் அறிந்திராத 21 வயது பீட்டர் ஸ்னெல், உலகச் சாதனையாளராகிய பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸைக் கடைசி அடிகளில் முந்தித் தங்கம் வென்றார். அன்றே 5,000 மீட்டர் ஓட்டத்தில் மர்ரே ஹால்பர்க் தங்கம் வென்றார். இளமையில் ரக்பி ஆட்டத்தில் ஏற்பட்ட காயத்தால் இடக்கை சூம்பிப்போனவர் அவர். சில நாள்கள் கழித்து நடைபெற்ற மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடி முதலிடம் பெற, லிடியார்டின் மாணவர் பாரி மாகீ மூன்றாம் இடம் பெற்றார். ஏறத்தாழ 24 இலட்சம் மக்களே வாழ்ந்த ஒரு நாட்டிலிருந்து, ஒரே பயிற்றுநரின் கீழ் ஓடிய மூவர், குறுகிய தொலைவு முதல் மாரத்தான் வரை பதக்கம் பெற்றனர். தங்கள் ஆற்றல் முதிரும் காலத்தைப் போட்டிக் காலத்தோடு அவர்கள் பொருத்தியிருந்தனர்.

ஸ்னெல் 1962ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மைல் ஓட்டத்திலும் 800 மீட்டர் ஓட்டத்திலும் ஒரே வாரத்தில் உலகச் சாதனை படைத்தார். அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் அவர் ஒரு முழு மாரத்தானை ஓடி முடித்திருந்தார். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 800, 1,500 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். பிற்காலத்தில் அவர் அமெரிக்காவில் உடற்பயிற்சி உடலியல் ஆய்வாளராக விளங்கினார். தம்மை வளர்த்த முறை ஏன் பயன் தந்தது என்பதை ஆராயும் வாய்ப்பு ஒரு வீரருக்குக் கிட்டியது அரிதினும் அரிது.

பின்லாந்து கற்ற பாடம்

1960களின் பிற்பகுதியில் லிடியார்ட் பின்லாந்து சென்று பயிற்றுநர்களுக்குத் தம் முறையைக் கற்பித்தார். அங்கே லாசே வீரன் என்னும் காவலர் எழுந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் 10,000 மீட்டர் ஓட்டத்தில் இடையே கீழே விழுந்தும், எழுந்தோடி உலகச் சாதனையோடு அவர் தங்கம் வென்றார். 5,000 மீட்டரிலும் தங்கம் பெற்றார். அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் பெருஞ்சிறப்புடன் ஓடவில்லை. 1974 ஐரோப்பியப் போட்டியில் 5,000 மீட்டரில் வெண்கலமே கிட்டியது. ஆனால், 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் அதே இரு ஓட்டங்களிலும் மீண்டும் தங்கம் வென்று, மறுநாளே மாரத்தான் ஓடி ஐந்தாம் இடம் பெற்றார். இரத்த ஏற்றம் குறித்து அவர்மீது ஐயம் எழுப்பியோர் உண்டு, அவர் அதனை மறுத்தார், அஃது மெய்ப்பிக்கப்படவுமில்லை. நான்காண்டுகளுக்கு ஒருமுறை வரும் நாள்களுக்காகவே அவர் தம் பயிற்சியை அமைத்துக்கொண்டார் என்பது தெளிவு.

பொறுமையின் மதிப்பு

லிடியார்ட் 2004ஆம் ஆண்டு, 87ஆம் வயதில், அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணம் மேற்கொண்டிருந்தபோது மறைந்தார். இன்று மாரத்தானுக்கு ஆயத்தமாகும் எளிய மக்களும் பல வாரங்கள் அளவான வேகத்தில் ஓடி அடித்தளமிடுகின்றனர். போட்டிக்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்கின்றனர். அவர் பெயரை அறியாதவரும் அவர் வகுத்த வழியிலேயே ஓடுகின்றனர்.

இளையோரைக் குறித்தும் அவர் எச்சரித்தார். பள்ளிப் பருவத்திலேயே கடும் வேகப் பயிற்சியால் அவர்களை வாட்டுதல் கூடாது என்பது அவர் கொள்கை. பதினைந்து வயதில் கோப்பைகளைக் குவித்து, இருபது வயதில் ஓட்டத்தையே வெறுத்து ஒதுங்கும் மாணவன், முந்திவந்த உச்சத்திற்கு இரையானவனே. வள்ளுவர் காலம் அறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்ததை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், திடலில் நிற்கும்போதும் அதனை நினைவிற்கொள்ளல் தகும். பீட்டர்ஸ் வான்கூவர் அரங்கில் விழுந்து விழுந்து எழுந்த அந்தப் பதினொரு நிமிடம் மனித உறுதிக்குச் சான்று. அவ்வுறுதியை உரிய நாள்வரை காத்து வைப்பதே பயிற்றுநரின் கடமையாகும்.