தந்தையார் விட்டுச் சென்ற உழவு இயந்திரம்

எனது தந்தையார் 1953ஆம் ஆண்டில் ஓர் உழவு இயந்திரத்தை வாங்கினார். 2013 ஓகஸ்ட் மாதத்தில் நான் அதனைச் செட்டிகுளத்திலிருந்து தென்மராட்சியில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தேன். தூரம் ஏறத்தாழ 150 கிலோ மீற்றர். லொறியொன்று அரை நாளில் ஓடி முடித்துவிடும். ஆனால் அந்த அரை நாள் பயணத்துக்காக அந்த இயந்திரம் 23 ஆண்டுகள் காத்திருந்தது. பத்திரிகைத் தொழிலில் ஏனையோரின் கதைகளை எழுதியே காலத்தைக் கழித்த நான் வீட்டுக் கதை எழுதுவது அரிது. ஆயினும் இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று என்பதால் எழுதுகின்றேன்.

அது சாம்பல் நிறப் பேர்குசன். இன்றைய தலைமுறைக்கு ‘மெசி பேர்குசன்’ என்றால் சிவப்பு நிறமே நினைவுக்கு வரும். அந்தச் சிவப்புக்கு முன்னோடி இந்தச் சாம்பல். இதனை ஆக்கிய ஹரி பேர்குசன் 1884இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தானே கட்டிய விமானத்தில் 1909 டிசம்பர் 31ஆம் திகதி பறந்து, அயர்லாந்தில் விமானத்தில் பறந்த முதல்வர் என்ற பெயரைப் பெற்றவர். எனினும் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது விண்ணில் பறந்தமைக்காக அன்று, மண்ணை உழுதமைக்காகவே.

அவருக்கு முந்திய உழவு இயந்திரங்கள் பாரம் மிக்கவை. கலப்பையை வண்டி போல் பின்னால் கட்டி இழுத்துச் சென்றன. கலப்பை மண்ணுக்குள் கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் இயந்திரத்தின் முன்பக்கம் மேலெழுந்து சாரதியின் மீதே கவிழ்ந்துவிடும். பலர் அவ்வாறு உயிரிழந்தனர். பேர்குசன் கலப்பையைத் தனியாக இழுக்காமல், கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று இடங்களில் இயந்திரத்தோடு பொருத்தினார். அதனை உயர்த்தவும் தாழ்த்தவும் எண்ணெய் அழுத்தத்தைப் பயன்படுத்தினார். மண் கலப்பையை எதிர்க்கும் விசையே இயந்திரத்தை நிலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஒரு தொன்னுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள சிறிய இயந்திரம் பெரிய இயந்திரங்களின் வேலையைச் செய்தது. இன்று உலகின் எந்த மூலையில் எந்தப் பெயரில் உழவு இயந்திரம் ஓடினாலும் அதன் பின்புறத்தில் அந்த மூன்று பொருத்துகளைக் காணலாம். இதனை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் இறுதியில் இது மீண்டும் வரும்.

1938இல் பேர்குசனும் அமெரிக்காவின் ஹென்றி போர்டும் எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் செய்யாமல், வெறும் கைகுலுக்கலோடு கூட்டுச் சேர்ந்தனர். போர்டின் பேரன் பொறுப்பேற்றதும் அந்தக் கைகுலுக்கல் வழக்காக மாறியது. 1952இல் 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு வழக்குத் தீர்ந்தது. இடைப்பட்ட காலத்தில், 1946 முதல், இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் சாம்பல் நிற இயந்திரங்கள் வெளிவரத் தொடங்கியிருந்தன. போர்க்காலத்தில் விமான இயந்திரங்கள் செய்த தொழிற்சாலை அது. 1956 வரையில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான இயந்திரங்கள் அங்கு உற்பத்தியாகின. அவற்றுள் மூன்றினை ஓட்டிக்கொண்டுதான் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலரி 1958 ஜனவரி 4ஆம் திகதி தென் துருவத்தை அடைந்தார். அவற்றுள் ஒன்றுதான் பரந்தனில் எங்கள் வயலுக்கும் வந்தது என்று தந்தையார் வேடிக்கையாகச் சொல்வார். இயந்திரத்தின் வகை ஒன்று என்பதைத் தவிர அதில் உண்மை இல்லை.

யாழ்ப்பாணத்தில் வீடும் வன்னியில் கமமுமாக வாழ்ந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. 1902இல் தொடங்கப்பெற்ற இரணைமடுக் குளத்தின் கட்டுமானமும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தைத் தொடர்ந்த குடியேற்றங்களும் அத்தகைய வாழ்க்கைக்கு வழி திறந்தன. அதுவரையில் எருமைகள் சேற்றை மிதித்தன. சூட்டையும் எருமைகளே மிதித்தன. பேர்குசன் வந்த பின்னர் பகலில் உழவும் இரவில் சூடடிப்புமாக ஒரே இயந்திரம் ஓயாது ஓடியது. பின்னால் பெட்டியைக் கொளுவினால் அதுவே வாகனம். நெல் மூடை, விறகு, கோயில் திருவிழாவுக்குப் போகும் சனம், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண் என அந்தப் பெட்டி ஏற்றாதது எதுவுமில்லை. பிற்காலத்தில் இடப்பெயர்வு என்ற சொல்லுக்கே அதுதான் வடிவமாயிற்று. கூரைத் தகரமும் சமையல் பாத்திரங்களும் அவற்றின் மேல் குழந்தைகளுமாக நகர்ந்த உழவு இயந்திரப் பெட்டிகளை வன்னியில் வாழ்ந்த எவரும் மறக்கமாட்டார்கள்.

எங்கள் இயந்திரத்தின் இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் மாத்திரமே உண்டு. 1957, 1958 காலப்பகுதியில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வாகனத் தகடுகளில் புகுத்தப்பட்டபோது தமிழர் பகுதிகளில் எழுந்த எதிர்ப்பையும், அதனைத் தொடர்ந்து வந்த துயரங்களையும் வரலாறு அறியும். அதற்கு முன்னரே பதிவு பெற்றுவிட்டமையால் எங்கள் இயந்திரம் அந்தச் சச்சரவில் சிக்கவில்லை. வயலில் நின்றபடி அது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொரு சிறப்பும் அதற்கு உண்டு. பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும் இயந்திரம் அது. எண்ணெய்த் தாங்கியிலேயே இரண்டு அறைகள். 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அதனை நாங்கள் கண்டுபிடித்த வித்தை என்று பெருமையடித்துக்கொண்டோம். தந்தையார் சிரித்தார். “இதை என்ர மெசின் நாப்பது வருசத்துக்கு முந்தியே செய்தது” என்றார். ஆனால் அதனை உரிமையோடு சுட்டிக்காட்ட அப்போது இயந்திரம் அவரிடம் இல்லை.

1990 மார்ச் 24ஆம் திகதி இந்திய அமைதிப் படையின் இறுதி அணி வெளியேறியது. பாதை திறந்திருந்த அந்தச் சில வாரங்களில், செட்டிகுளத்தில் இருந்த தமது நண்பரின் சிறுபோக உழவுக்காகத் தந்தையார் இயந்திரத்தை அனுப்பி வைத்தார். யூன் மாதத்தில் திரும்பி வருவதாக ஏற்பாடு. யூன் 11ஆம் திகதி மீண்டும் போர் வெடித்தது. பாதை மூடப்பட்டது. இயந்திரம் அங்கேயே நின்றுவிட்டது.

1998இல் தந்தையார் காலமானபோது அவர் எழுதி வைத்திருந்த ஒற்றைத் தாளில், ‘செட்டிகுளத்தில் நிற்கும் மெசின் மூத்தவனுக்கு’ என்ற வரி இருந்தது. மூத்தவன் நான். 2002இல் சமாதான காலத்தில் ஏ-9 வீதி திறந்தது. அப்போதே கொண்டு வந்திருக்கலாம். பத்திரிகை வேலையைக் காரணம் காட்டி, பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி வீதி மீண்டும் மூடப்பட்டது. அந்தத் தாமதத்துக்கு நான் எவரையும் குறை கூற முடியாது.

2013இல் நான் செட்டிகுளம் சென்றபோது தந்தையாரின் நண்பர் உயிரோடு இல்லை. அவருடைய மகன் கொட்டிலின் பின்புறம் அழைத்துச் சென்றார். தென்னோலைக் கிடுகின் கீழ், தரையில் சக்கரங்கள் புதையாதிருக்கப் பலகைகளின் மீது, இயந்திரம் நின்றது. தாங்கி துருப்பிடிக்கவில்லை. ரயர்கள் எங்கள் காலத்தவை அல்ல. கியர்த் தடியை அவர் தொடக்க நிலைக்குத் தள்ளினார். அந்த வகையில் தொடக்குவதற்கும் கியர்த் தடிதான். ஒருமுறை இருமி, இரண்டாம் முறை இருமி, மூன்றாம் முறை அது உயிர்த்தது.

“ஒவ்வொரு மாதமும் ஒருக்கா இயக்கி விடவேணும் எண்டு அப்பா சொல்லிப்போட்டுத்தான் போனவர், அண்ணை. இது உங்கட சாமான். நாங்கள் பாத்து வைச்சிருந்தனாங்கள், அவ்வளவுதான்.”

அந்தச் சொற்கள் என்னைச் சங்கடப்படுத்தின. எனது கையில் பதிவுப் புத்தகமும் தந்தையாரின் தாளும் இருந்தன. அவருடைய கையில் 23 ஆண்டுகளின் எண்ணெய்க் கறை இருந்தது. நிலத்தைப் பொறுத்தவரையில் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் உழுபவனுக்கு ஒரு பாதுகாப்பைத் தந்தது. பிறர் பொருளைப் பேணிக் காத்தவனுக்கு எந்தச் சட்டம் உண்டு? வைத்திருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். “வேண்டாம் அண்ணை. குடுக்கிறதெண்டு அப்பா சொன்ன வாக்கு. அதை நான் மாத்தேலாது.”

லொறியைக் குளக்கட்டின் பக்கமாகப் பின்னோக்கிச் சேர்த்து நிறுத்தி, கட்டின் உயரத்திலிருந்தே இயந்திரத்தை ஏற்றினோம். கியரில் போட்டு, சக்கரங்களுக்கு மரக்கட்டை வைத்து, சங்கிலியால் இறுக்கினோம். மெனிக் பாம் முகாம் இருந்த பக்கமாக வவுனியா நோக்கிப் புறப்பட்டோம். போரின் முடிவில் இலட்சக்கணக்கானோர் அடைக்கப்பட்டிருந்த முகாம்கள் அப்பகுதியில் இருந்தன. கடைசி மக்களும் வெளியேறி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

ஓமந்தைச் சோதனைச் சாவடி அப்போது இருந்தது; 2015இலேயே அது அகற்றப்பட்டது. அங்கு நின்ற இளம் சிப்பாய் பத்திரங்களைப் பார்ப்பதற்கு முன்னர் இயந்திரத்தைப் பார்த்தார். தனது பாட்டனாரிடமும் இது போன்ற ஒன்று இருந்தது என்று சிங்களத்தில் கூறினார். எங்கே என்று கேட்டேன். பொலநறுவை என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள் என்றார். பின்னர் பத்திரங்களைத் திருப்பித் தந்தார்.

புளியங்குளத்தில் தளர்ந்திருந்த சங்கிலியை மீண்டும் இறுக்கினோம். முறிகண்டியில் சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஏ-9 வழியே போகும் வாகனங்கள் அங்கு நின்று செல்வது வழமை. கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். கிளிநொச்சியில், போரில் வீழ்ந்த நீர்த்தாங்கி வீதியோரம் சரிந்து கிடந்தது. பரந்தனில் லொறியை நிறுத்தச் சொன்னேன். எங்கள் வயல் இருந்த திசையில் பற்றைக்காடு மண்டியிருந்தது. இயந்திரத்தை இறக்கி ஒரு சால் உழலாமா என்று மனம் கேட்டது. மிதிவெடி அச்சம் முற்றாக நீங்காத காலம். பேசாமல் ஏறிக்கொண்டேன்.

ஆனையிறவில் இன்னொரு இயந்திரம் நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்டிருந்தது. 1991 யூலையில் நடந்த ஆனையிறவுச் சமரில் விடுதலைப் புலிகள் இரும்புக் கவசமிட்டுப் பயன்படுத்திய புல்டோசர் அது. அதனைத் தடுக்கச் சென்று உயிர்நீத்த இராணுவ வீரரின் நினைவாக இராணுவம் அதனைக் காட்சிக்கு வைத்திருந்தது. தெற்கிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் அதன் முன் நின்று படம் எடுத்தனர். மண்ணை வெட்டவும் சமப்படுத்தவும் ஆக்கப்பட்ட அந்த இயந்திரத்துக்கு ஒரு பீடமும் பெயர்ப் பலகையும் இருந்தன. மண்ணை உழுத எங்கள் இயந்திரம் அதன் எதிரே லொறியின் மீது சங்கிலியால் கட்டப்பட்டு நின்றது. அதனை எவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அது எனக்கு நிறைவாகவே இருந்தது.

முகமாலையில் தலையிழந்த பனைகளையும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளையும் கடந்து, பொழுது சாயும் வேளையில் வீடு சேர்ந்தோம். 2000ஆம் ஆண்டுச் சமரில் சாவகச்சேரி சிதைந்தபோது எங்கள் வீட்டின் கூரையும் போயிருந்தது, பின்னர் திருத்தினோம். இயந்திரத்தை முற்றத்து மாமரத்தின் கீழ் இறக்கினோம். எண்பத்தாறு வயதான தாயார் வெளியே வந்து, அதன் முன்மூடியில் கையை வைத்து, “இவ்வளவு சுணங்கிப்போட்டாய்” என்றார். என்னைச் சொன்னாரா, இயந்திரத்தைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அது இப்போதும் அங்கே நிற்கிறது. மாதம் ஒருமுறை இயக்கி விடுகிறோம். உழுவதற்கு எங்களிடம் வயல் இல்லை. உழப் பிள்ளைகளும் இங்கு இல்லை.

ஆனால் அதன் கலப்பையை நான் கொண்டு வரவில்லை. செட்டிகுளத்தில் புறப்படும் முன்னர், அந்த இரட்டைக் கொழுக் கலப்பையைத் தந்தையாரின் நண்பருடைய மகனிடம் விட்டு வந்தேன். வாக்கு இயந்திரத்துக்குத்தானே, கலப்பைக்கு இல்லையே என்றேன். சற்று யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டார். அவரிடம் இருப்பது பல பத்தாண்டுகள் பின்னர் செய்யப்பட்ட சிவப்பு மெசி. எனினும் ஹரி பேர்குசனின் மூன்று பொருத்துகள் மாறவில்லை. பழைய கலப்பை புதிய இயந்திரத்தில் கச்சிதமாகப் பொருந்தியது.

அந்த ஆண்டின் காலபோக மழை தொடங்கியதும் அவர் தொலைபேசியில் அழைத்தார். “அண்ணை, உங்கட கலப்பையாலதான் உழுதனாங்கள். மண் நல்லாப் புரளுது” என்றார்.

உங்கட கலப்பை என்று சொன்னதைத் திருத்த முயன்றேன். அவர் கேட்கவில்லை.