விளாவும் அப்பிளும்: அடுக்களைப் பேச்சில் ஒரு வரலாறு



வரலாறு என்றதும் கோட்டைகளும் கொத்தளங்களும் முடியிழந்த மன்னர்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் கல்வெட்டிலோ ஏட்டிலோ ஏறாத ஒரு வரலாறு நம் வீட்டு அடுக்களைகளில் நாள்தோறும் பேசப்பட்டு வருகிறது. பழம் தெரிவதும் பலகாரம் சுடுவதும் பெண்களின் வெறும் வீட்டுப் பேச்சு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அந்தப் பேச்சுக்குள்ளே நானூறு ஆண்டுக் கதை ஒன்று கிடக்கிறது. கிண்ணியாவை மையமாக வைத்து அதனை இன்று சற்று நோக்குவோம்.

கிண்ணியாவும் மூதூரும் கொட்டியாரக் குடாவை அண்டிய ஊர்கள். 1659ஆம் ஆண்டின் இறுதியில், புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் இக்குடாவிலே வந்து தங்கியது. மறு ஆண்டு கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் அவன் மகனையும் இன்னும் சிலரையும் சிறைபிடித்துச் சென்றனர். அந்த மகன்தான் றொபேட் நொக்ஸ். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது அளவில். 1679இல் தப்பி அரிப்பில் இருந்த ஒல்லாந்தரிடம் சேர்ந்தான். 1681இல் இலண்டனில் அவன் வெளியிட்ட நூல், அக்கால இலங்கையின் குடிவாழ்வை அறிய நமக்குள்ள சிறந்த சான்றுகளில் ஒன்று.

அந்நூலில் பழங்களைப் பற்றிச் சொல்லுமிடத்தில் ஜம்புப்பழம் வருகிறது. வெண்மையில் செம்மை தீட்டியது போன்ற அதன் அழகை வியக்கும் நொக்ஸ், அதன் சுவை அப்பிளைப் போன்றது என்கிறான். சிறைப்பட்டவன் நாவில் ஊறியது ஜம்பு. நெஞ்சில் ஊறியது தாய்வீட்டு அப்பிள். அறியாத பொருளை அறிந்த பொருளின் பெயரால் அழைப்பது மனித இயல்பு. ஆங்கிலேயர் இதனையே வழக்கமாக்கிக் கொண்டனர். விளாம்பழம் அவர்களுக்கு 'வூட் அப்பிள்'. ஜம்பு 'ரோஸ் அப்பிள்'. அன்னமுன்னா 'கஸ்ரட் அப்பிள்'. பழைய ஆங்கிலத்தில் அப்பிள் என்ற சொல் பழம் எதனையும் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் வழங்கியதென்பது இங்கு நோக்கத்தக்கது.

ஒல்லாந்தரும் இதற்கு விலக்கல்லர். அவர்கள் உருளைக்கிழங்குக்கு இட்ட பெயரின் பொருள் 'மண் அப்பிள்' என்பதாகும். அச்சொல்லே சிங்களத்தில் 'அர்த்தாபல்' என்று இன்றும் வழங்குகிறது. அப்பிள் மரத்தைக் காணாத கிராமத்துச் சமையலறைகளிலும் அப்பிள் என்ற சொல் கிழங்கின் வேடத்தில் புகுந்துவிட்டது!

நம்மவரும் இவ்வாறே செய்தனர். போர்த்துக்கேயர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த புதிய மரத்தைக் கண்டதும், முன்பே தெரிந்த முந்திரிகையின் பெயரை எடுத்து 'மரமுந்திரிகை' என்றனர். முந்திரிகை என்பது ஆதியில் திராட்சையின் பெயர். வேறு சில சொற்களை அப்படியே வாங்கித் தமிழாக்கிக் கொண்டனர். அன்னாசி, கொய்யா, பாண், அதைச் சுடும் போறணை, அதை வைக்கும் அலுமாரி, இவையெல்லாம் கிடக்கும் குசினி யாவும் போர்த்துக்கேயம் தந்தவை. 1620களில் திருகோணமலையில் கோட்டை கட்டிய அவர்களை 1639இல் ஒல்லாந்தர் துரத்தினர். 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். கொடிகள் மாறின; போறணை மாறவில்லை.

போறணை இல்லாத வீடுகளில் சட்டிக்குக் கீழே நெருப்பும் மூடிமேல் தணலும் இட்டுக் கேக் சுட்டனர். கிண்ணியா முஸ்லிம் வீடுகளில் மலாய்த் தொடர்பை நினைவூட்டும் வட்டிலப்பமும் தொதலும் பெருநாள் பண்டங்கள் ஆயின. ஒரே அடுப்படியில் ஐரோப்பாவும் மலாயத் தீவுகளும் தமிழும் கூடியிருந்தன.

இனி அப்பிளுக்கு வருவோம். ஆங்கில நாட்டுப் பெண்கள் தின்னும் அப்பிள் வேறு, சமைக்கும் அப்பிள் வேறு என்று பிரிப்பர். நொட்டிங்ஹாம்ஷயரில் 1809இல் ஒரு சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்த 'பிராம்லி' அப்பிள் பச்சையாகத் தின்னப் புளிக்கும். சூட்டில் குழைந்து பலகாரத்துக்கு உயிர் கொடுக்கும். நம்மிடம் இந்த நுட்பம் இல்லையென்று எண்ணவேண்டாம். அதற்கு விளாமரமே சாட்சி.

கிண்ணியாச் சந்தையில் விளாம்பழம் விற்ற முதிய தாயொருவரிடம், நல்ல பழத்தை எப்படி அறிவது என்று கேட்டேன். "சேர், ஒரு சாண் உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்க. துள்ளினா காய், சம்பலுக்கு எடுங்க. துள்ளாம கிடந்தா பழம், சீனி போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்க. ஜாமுக்கெண்டா ரெண்டும் கலந்து எடுக்கணும்" என்றார். பழுத்ததும் சதை ஓட்டை விட்டுக் கழன்றுவிடுவதால் பழம் துள்ளுவதில்லை. ஜாமை இறுகச் செய்யும் பெக்ரின் என்ற பொருள் விளாவில் நிறைய உண்டு. அப்பிளுக்கும் அதே குணம். பிராம்லியைத் தெரிந்த ஆங்கிலப் பெண்ணும் இந்தத் தாயும் சந்தித்திருந்தால், மொழி தெரியாமலே பேசி முடித்திருப்பார்கள்.

அப்பிள் நம் சிறுநகரக் கடைகளில் சாதாரணமாகத் தொங்கத் தொடங்கியது 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த பின்னரே. அது மரத்தோடு வரவில்லை; பெட்டியோடு வந்தது. ஆகவேதான் அதைப் பற்றி நமக்குப் பழமொழி இல்லை, தட்டிப் பார்க்கும் முறை இல்லை, சமையல் பக்குவம் இல்லை. ஆசுப்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோகும் மரியாதைப் பொருளாகவே அது நிற்கிறது.

இதிலே வருந்தத்தக்க ஒன்றுண்டு. வகுப்பில் விளாம்பழத்தின் படத்தைக் காட்டினால் 'வூட் அப்பிள்' என்று உரத்துச் சொல்லும் மாணவர் பலர். விளா என்று சொல்வோர் சிலர். அன்னியன் தன் வீட்டு நினைவால் இட்ட பெயரை நாம் நம் வீட்டுப் பெயரை மறப்பதற்குப் பயன்படுத்துகிறோம்.

இந்த மறதிக்குப் பள்ளிக்கூடம் மட்டும் காரணமன்று. போர்க்காலத்தில் இங்குள்ள தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் பல ஊர்விட்டு ஊர் பெயர்ந்தன. 2004 ஆழிப்பேரலை கிண்ணியாவை வாரியடித்தது. பழகிய அயல் கலைந்தபோது வேலிக்கு மேலாக நடந்த பேச்சும் கலைந்தது. 2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாத் துறையில் 'பாதை'க்குக் காத்திருந்த பெண்கள், கூடையை இறக்கிவைத்து, உம்மாவும் அம்மாவுமாகப் பக்குவம் பேசிக்கொள்ள நேரம் இருந்தது. பாலம் பெரும் நன்மை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பின் பேச்சுக்கு மாற்றாக வேறெதனையும் நாம் கட்டவில்லை.

நொக்ஸ் என்ற சிறைக்கைதி நம் பழங்களை எழுதி வைத்தான்; அதனால் 17ஆம் நூற்றாண்டு ஜம்புவின் நிறம் நமக்குத் தெரிகிறது. நம் உம்மம்மாமாரும் அம்மம்மாமாரும் அறிந்ததை யார் எழுதுவது? ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். அவர்கள் பழத்தைக் கீழே போட்டுப் பார்க்கும்போது அருகில் இருங்கள். சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.