காவியத் தலைவன்

காவியத் தலைவன் என்பது, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்பாண்டி நாட்டு இசை நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்த பாடக நடிகர்களின் உயர்வையும் வீழ்ச்சியையும் பொருளாகக் கொண்டு, ஜி. வசந்தபாலன் இயக்கி, 2014ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28ஆம் நாள் வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். வசனத்தை ஜெயமோகனும், இசையை ஏ. ஆர். ரஹ்மானும், ஒளிப்பதிவை நீரவ் ஷாவும் ஆக்கியளித்தனர். ஒய்நாட் ஸ்டுடியோஸ் எஸ். சசிகாந்த், ரேடியன்ஸ் மீடியா வருண் மணியன் ஆகியோர் தயாரித்தனர். சித்தார்த், பிருத்விராஜ், வேதிகா, அனைகா சோதி, நாசர், பொன்வண்ணன், தம்பி ராமையா முதலியோர் நடித்தனர். விருதுநகர்ச் சீமையின் வாழ்வை 'வெயில்' படத்தில் காட்டியவரும், சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலினின்றும் கதைப்பகுதியை எடுத்து 'அரவான்' படத்தை உருவாக்கியவருமான வசந்தபாலன், மதுரையைச் சூழ்ந்த கரிசல் பூமியின் சரித்திரத்தை மூன்றாம் முறையாகத் தொட்ட படைப்பு இது.

கதை

சிவதாஸ் சுவாமிகள் என்னும் நாடக ஆசிரியர் (நாசர்) நடத்தும் கம்பெனியில் சிறுவர்களாகச் சேர்ந்து, ஒரே பாயில் உறங்கி ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டு வளரும் காளியப்ப பாகவதர் (சித்தார்த்), கோமதிநாயகம் பிள்ளை (பிருத்விராஜ்) ஆகிய இருவரின் நட்பும் பொறாமையுமே கதையின் உயிர்நாடி. ராஜபார்ட்டாக (நாயக வேடத்தில்) விளங்கிய மூத்த நடிகர் கம்பெனியை விட்டு விலகவே, அந்த ஸ்தானம் தன்னுடையதென்று நம்பியிருந்த கோமதியை விடுத்து, சுவாமிகள் காளியைத் தேர்ந்தெடுக்கிறார். உழைப்பில் தானே முந்தியவன் என்றும், பிறவிக் கொடையாக வந்த சாரீரமும் பாவமும் மற்றவனிடத்தே இருந்தன என்றும் ஒருங்கே உணரும் கோமதியின் நெஞ்சில் விழுந்த அந்தப் பொறியே பின்னர்க் காட்டுத் தீயாகிறது. ஜமீன் வீட்டுப் பெண்ணுடன் காளி கொண்ட காதலைக் கோமதி குருவிடம் காட்டிக்கொடுப்பதும், குருவின் கோபமும், அதனால் விளையும் சாபமும், கம்பெனியில் சேர்ந்து புகழ்பெறும் வடிவாம்பாள் (வேதிகா) காளியையே மனத்தில் வரித்துக்கொள்வதும், தேசிய இயக்கக் காலத்தில் காளி மேடையைச் சுதந்திரப் பிரசாரத்திற்கு அர்ப்பணிப்பதும், இறுதியில் கோமதியின் கையாலேயே அவன் மடிவதும் அடுத்தடுத்து வருகின்றன.

சரித்திரப் பின்னணி: சங்கரதாஸ் சுவாமிகள்

இப்படத்தின் சிவதாஸ் சுவாமிகளுக்கு மூலமாக நிற்பவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) என்பதில் ஐயமில்லை. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர், பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணமும் இலக்கியமும் கற்று, இருபத்து நான்காம் வயதில் நாடக மேடையேறினார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய அச்சந்தரும் வேடங்களில் அவர் தோன்றியபோது சபையோர் நடுங்கினர் என்பர். அவ்வேடங்களுள் ஒன்றைக் கண்டு மிரண்ட கர்ப்பிணிப் பெண்ணொருத்திக்குத் தீங்கு நேர்ந்ததாகவும், அத்துயரமே அவரை வேடந்தரிப்பதினின்று விலக்கியதாகவும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. சிலகாலம் துறவு பூண்டு திரிந்தவரைப் புதுக்கோட்டையில் தம் மகனாகவே ஏற்று ஆதரித்து, லய ஞானம் புகட்டி, மீண்டும் நாடகப் பணிக்குத் திருப்பியவர் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை.

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், சதி சுலோசனா, பிரகலாதன், அல்லி அர்ஜுனா என அவர் யாத்த நாடகங்கள் இன்றளவும் கிராமத்து மேடைகளின் மூலதனம். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை, நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுடன், ஒரே இரவில் அவர் எழுதி முடித்ததை, அதில் அபிமன்யுவாக நடித்த தி. க. சண்முகம் தம் 'எனது நாடக வாழ்க்கை' நூலில் பதிவு செய்துள்ளார். சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியாரைத் தமிழ் நாடகத்தின் தந்தை என்று கூறும் ஒரு சாரார் உண்டு. எனினும், கற்றோர் கூடும் மாலை நேரச் சபைக்கன்றி, களத்து மேட்டிலும் கோயில் திடலிலும் விடிய விடியக் குந்தியிருந்த பாமர ஜனங்களுக்கென நாடகத்தைச் செப்பனிட்டுத் தந்த சுவாமிகளுக்கே அப்பட்டம் உரியது.

சுவாமிகளின் மகத்தான பணிகளுள் தலையாயது, வாய்க்கு வந்ததைப் பேசி மேடையைப் பாழ்படுத்திய நடிகர்களின் போக்கைக் கண்டு மனம் நொந்து, பெரியவர்களைத் திருத்துவதினும் சிறுவர்களைப் பழக்குதலே சாலச் சிறந்தது எனத் துணிந்து, முழுவதும் பாலர்களைக் கொண்ட சபையை உருவாக்கியதாகும். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யில் ஸ்திரீபார்ட் (பெண்வேட) நடிகரான கண்ணுசாமிப் பிள்ளையின் புதல்வர்கள் சேர்ந்தனர். அவர்களே பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் எனப் பிரக்யாதி பெற்றோர். அவர்களுள் ஒருவரான, மேலே சொன்ன சண்முகம் ஆறு வயதில் நாரதராக வேடமேற்றதும் அங்கேதான்.

பாய்ஸ் கம்பெனிகள்

பால சபைகளை ஜனங்கள் பாய்ஸ் கம்பெனி என்றே வழங்கினர். ஜெகந்நாதய்யரின் மதுரை பால மீனரஞ்சனி சங்கீத சபை, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, டி. கே. எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை, நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால விநோத சங்கீத சபை, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் மதுரை ஸ்ரீ பாலகான சபை என இவை பெயர்தோறும் மதுரையை முன்வைத்துக் கொண்டமை கருதத்தக்கது. கம்பெனி எவ்வூரில் கொட்டகை போட்டாலும், 'மதுரை' என்ற சொல் நோட்டீஸில் இல்லாவிடில் அதற்கு மதிப்பில்லை. எம். ஜி. ராமச்சந்திரனும் அவர் தமையனார் சக்கரபாணியும் வறுமையின் காரணமாகச் சிறு பிராயத்திலேயே ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டனர், பி. யு. சின்னப்பா, காளி என். ரத்தினம் ஆகியோரும் அங்கே இருந்தனர். எம். ஆர். ராதா ஜெகந்நாதய்யரிடமும், சிவாஜி கணேசன் பொன்னுசாமிப் பிள்ளையிடமும், என். எஸ். கிருஷ்ணன் டி. கே. எஸ். சகோதரர்களிடமும் பயின்றனர். தமிழ்த் திரையுலகை அரை நூற்றாண்டு ஆண்டவர்களில் பெரும்பான்மையோர் இந்தக் கூடங்களின் விளைச்சலே.

கம்பெனி வீடென்பது குருகுலமும் விடுதியும் ஒருங்கே அமைந்த ஓர் இடம். விடியுமுன் எழுந்து சாதகம் செய்யவேண்டும். வாத்தியார் ஆர்மோனியத்தில் சுருதி பிடிக்க, பையன்கள் வரிசையாக அமர்ந்து பாட்டையும் வசனத்தையும் நெட்டுருச் செய்யவேண்டும். தன் பாடம் மட்டுமன்றி அடுத்தவன் பாடமும் தெரிந்திருந்தால்தான், ஒருவன் காய்ச்சலில் படுத்தால் மற்றவன் வேடம் கட்டலாம். தவறினால் பிரம்படி. ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் காதுக்கும் எட்டுமாறு ஐந்து கட்டைச் சுருதியில் குரலெடுத்துப் பாடவேண்டியிருந்தமையால், நடிகனின் ஆஸ்தி முழுவதும் அவன் தொண்டையிலேயே இருந்தது. ஆதலின் பையன்கள் அஞ்சிய பகைவன் ஒருவனே: மகரக்கட்டு. பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடைந்து கரகரத்துவிட்டால், நேற்றுவரை ஒன்ஸ்மோர் முழக்கத்தில் திளைத்த ராஜபார்ட், இன்று கோஷ்டிப் பாட்டில் பின்வரிசைக்குச் செல்லவோ, மூட்டையைக் கட்டவோ நேரும். சின்னப்பாவுக்கே அந்த நிலை வந்தது. அவர் கர்நாடக சங்கீதமும் சிலம்பும் பயின்று, பின்னர் திரையின் வழியே மீண்டெழுந்தார்.

கதைமாந்தரும் மெய்யான நட்சத்திரங்களும்

காளியும் வடிவாம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் நிழல்களே எனப் பத்திரிகைகள் பலவும் எழுதின. செங்கோட்டையில் 1906இல் பிறந்த கிட்டப்பா, சங்கரதாஸ் சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபையிலும், காட்சி ஜோடனைக்குப் பெயர்பெற்ற கன்னையா கம்பெனியிலும் நடித்தவர். திரைக்கு உள்ளிருந்தே பாட்டைத் தொடங்கி, அவர் தோன்றும் முன்னரே சபை ஆரவாரிக்கும்படி செய்தவர். கொடுமுடியில் 1908இல் பிறந்த சுந்தராம்பாளை இலங்கையில் சந்தித்து, 1927இல் மணந்தார். 1933 டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழே வயதில் மறைந்தார். அன்று முதல் வெள்ளைப் புடவையே உடுத்து, ஆண் நடிகருடன் ஜோடியாக நடிப்பதில்லை என விரதம் பூண்ட சுந்தராம்பாள், 1935இல் 'நந்தனார்' படத்தில் தாமே ஆண்வேடமேற்றார். 1953இல் ஔவையாராகத் தோன்றினார். 1958இல் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார்.

ஆயினும், இப்படத்தை அத்தம்பதியரின் ஜீவிய சரித்திரமாகக் கொள்வது பொருந்தாது. கிட்டப்பா நோயால் மறைந்தார், காளியோ கொலையுண்கிறான். தேசபக்தி நாடகங்களால் ஆங்கில அரசின் கோபத்திற்கு ஆளாகும் பகுதியில் காளியின் வடிவம் விசுவநாத தாஸையே நினைவூட்டுகிறது. சிவகாசியில் பிறந்து, மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்த அத்தியாகி, புராண நாடகத்தின் நடுவே சுதந்திரப் பாட்டைப் பாடிப் பன்முறை சிறையேகி, 1940 டிசம்பர் 31 இரவு சென்னை மேடையில் முருகன் வேடத்துடனேயே உயிர்நீத்தார். அவர்க்கும் சுந்தராம்பாளுக்கும் தேசியப் பாடல்கள் எழுதித் தந்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952). ஆதலின் காவியத் தலைவன் ஒருவர் கதையன்று. ஒரு பரம்பரையின் கதை என்பதே துணிபு.

சங்கீதம்

நாடக மேடையின் பாட்டு முறையை மீண்டும் கேட்பிக்க ரஹ்மான் ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் முன்னிறுத்தினார். ஹரிசரண் பாடிய பாடல்களில் அந்நாளைய உச்சஸ்தாயிக் கம்பீரம் ஓரளவு வாய்த்தது. திருப்புகழை வாணி ஜெயராம் பாடினார். 'அல்லி அர்ஜுனா' பாடலை இயற்றிய கவிஞர் வாலி படம் வெளிவருமுன்னரே காலமானார். எனினும் மேடைப் பாட்டின் உயிரான கற்பனை விரிவுக்கு, நாலைந்து நிமிடப் பாடலில் இடமில்லாது போயிற்று.

ஒத்த படைப்புகள்

மேடைக் கலைஞரின் வாழ்வைத் தமிழ்த் திரை முன்னரும் தொட்டதுண்டு: நாதஸ்வரக் கலைஞரையும் நாட்டியப் பெண்ணையும் பற்றிய 'தில்லானா மோகனாம்பாள்' (1968), நாடக நடிகனைப் பற்றிய 'ராஜபார்ட் ரங்கதுரை' (1973) ஆகியன குறிப்பிடத்தக்கவை. மராத்தி மேடையில் ஸ்திரீபார்ட்டாக விளங்கிய பால கந்தர்வரைப் பற்றி 2011இல் ஒரு படம் வெளிவந்தது. பெக்கிங் இசை நாடகக் கூடத்தில் அடிபட்டு வளரும் இரு சிறுவர்களைக் கூறும் சென் கைகேயின் 'ஃபேர்வெல் மை கான்குபைன்' (1993) கான் விழாவின் தலைசிறந்த விருதைப் பெற்றது. ஜப்பானில் 1914 முதல் கன்னிப்பெண்களை மட்டுமே கொண்டு நடைபெறும் தகராசுகா சபையும், இக்காலக் கொரிய நிறுவனங்கள் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே சேர்த்துத் தங்கவைத்துப் பயிற்றிப் பாடகர் குழுக்களாக்கும் முறையும், மதுரைக் கம்பெனிகளின் வழக்கத்தோடு ஒப்பிட்டு ஆராயத்தக்கன. புகழுக்கென ஒரு பிள்ளையின் பால்யத்தை விலையாகக் கேட்கும் வழக்கம் இவை அனைத்திற்கும் பொது. ஆனால் மதுரைக் கூடங்களில் குருவுக்கும் சீடனுக்கும் இடையே நிலவிய பக்தி வணிக நிறுவனங்களில் வாய்ப்பதன்று.

இன்றைய நிலை

2014ஆம் ஆண்டிற்கான தமிழக அரசின் சிறந்த நடிகர் விருது இப்படத்திற்காகச் சித்தார்த்துக்கு 2022இல் வழங்கப்பெற்றது. படம் காட்டும் பாய்ஸ் கம்பெனிகள் மறைந்தன; நடிகர்களைத் தனித்தனியே பேசி அழைத்து ஓரிரவு நடத்தும் ஸ்பெஷல் நாடகம், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் ஆகிய பழைய வரிசையுடனேயே, மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளின் கோயில் திருவிழாக்களில் இன்றும் நடைபெறுகிறது.