புல்லட் வார்ப்பிரும்பு எஞ்சினில் கேஸ்கெட் மாற்றுதல்

எஞ்சினின் இரண்டு உலோகப் பாகங்கள் சேரும் இடத்தில், ஆயிலோ எரிந்த வாயுவோ வெளியேறாதபடி நடுவே வைக்கும் மெல்லிய தாள் அல்லது தகடு கேஸ்கெட் எனப்படும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் 'பேக்கிங்' என்ற பெயரே அதிகம் வழங்குகிறது. பழைய மோட்டார் சைக்கிளில் இதை மாற்றுவது எளிய வேலையாகத் தோன்றும். உண்மையில் கேஸ்கெட்டை வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அது அமரும் முகங்களைத் தயார் செய்வதற்குத்தான் நாள் பிடிக்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது ராயல் என்ஃபீல்டு புல்லட் 350இன் பழைய எஞ்சின். இங்கிலாந்தின் ரெடிச் நகரில் உருவான இந்த வண்டியை, 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னை திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரித்தது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. கொள்ளளவு. பிஸ்டன் ஓடும் உருளையான பிளாக் வார்ப்பிரும்பு, அதன்மேல் மூடியாக அமரும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆகவே வண்டி சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் ஹெட்டின் முகம் கேஸ்கெட்டின்மேல் மயிரிழை அளவு நகர்ந்து திரும்புகிறது. நாற்பது ஆண்டு ஓடிய வண்டியில் ஹெட் கேஸ்கெட் தேய்ந்துபோவதற்கு இதுவே பெரிய காரணம்.

கசிவின் மூலம்

ஆயில் கசிந்தால் உடனே பேக்கிங்கைப் பிரிப்பது தவறான பழக்கம். பிஸ்டன் கீழே இறங்கும்போது எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் இருக்கும் காற்று அழுத்தப்படுகிறது. அது வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. பல புல்லட்களில் அதன் நுனியில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு இருக்கும். அந்த ரப்பர் காய்ந்து இறுகினாலோ, குழாயில் அழுக்கு அடைத்தாலோ, உள் அழுத்தம் எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிவிடும். அந்த நிலையில் எத்தனை புது கேஸ்கெட் போட்டாலும் ஒரு மாதத்தில் மறுபடி கசியும். பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினுக்கும் இதே கதி.

எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கசியும் இடத்தைச் சுற்றி மாவு தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் ஆயில் எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். புல்லட்டில் வால்வுகளை இயக்கும் புஷ்ராடுகள் பிளாக்கிலேயே வார்க்கப்பட்ட சுரங்கத்தின் வழியாக மேலே செல்கின்றன. ஹெட்டின் மேல் வால்வுகளை அழுத்தும் ராக்கரிலிருந்து ஆயில் கீழே இறங்குவதும் அவ்வழியே. ஹெட் கேஸ்கெட் போரையும் சுரங்கத்தையும் சேர்த்து அடைக்க வேண்டும். வலப்பக்கம் ஹெட் இணைப்பில் ஈரம் தெரிந்தால் பெரும்பாலும் சுரங்கத்து ஆயில்தான். கம்ப்ரஷன் போய்விட்டது என்று பயப்படத் தேவையில்லை.

முகங்களைத் தயாரித்தல்

பிளாக்கைத் தூக்குமுன் டேப்பெட் மூடிக்குள் ஒளிந்திருக்கும் நட்டையும் கழற்ற வேண்டும். அதை மறந்து நெம்பினால் வார்ப்பு உடையும். தூக்கியதும் கிராங்க்கேஸின் வாயில் சுத்தமான துணி திணிப்பது கட்டாயம்.

பழைய கேஸ்கெட்டுகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. உலர்ந்த நிலையில் சுரண்டுவதோ கம்பித் தூரிகை போட்டுச் சுழற்றுவதோ கூடாது. ஈரப்படுத்தி மெல்ல உரித்து, ஈரத்துணியோடு பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். அலுமினிய முகத்தில் இரும்புச் சுரண்டி படக்கூடாது. பித்தளைப் பட்டையோ மரத்துண்டோ போதும். ஒரு ஆழமான கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவுக்கு வாய்க்கால்.

அடுத்து, தடித்த கண்ணாடிப் பலகையில் மெல்லிய எமரித் தாளை ஒட்டி, முகத்தை எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்க்கும்போது 0.05 மி.மீ. ஃபீலர் தகடு எங்கும் நுழையாமல் இருந்தால் நல்ல முகம். கோணிய முகத்தைக் கேஸ்கெட் சரிசெய்யாது, தடித்துப் பூசிய கேஸ்கெட் பேஸ்ட்டும் சரிசெய்யாது. பேஸ்ட்டை வாரிப் பூசும் வழக்கம் ஆபத்தானதும்கூட. டைமிங் கவரில் ஆயில் பாதைகள் கேஸ்கெட்டைக் கடந்து பம்புக்குச் செல்கின்றன. பிதுங்கிய பேஸ்ட் ஒரு துளையை அடைத்தால் கனெக்டிங் ராடின் அடி பேரிங்கான பிக் எண்ட் ஆயிலின்றி வறண்டு பிடித்துவிடும். தாள் கேஸ்கெட்டுக்கு இரு பக்கமும் கிரீஸ் தடவினாலே போதுமானது.

கடையில் கிடைக்காத கேஸ்கெட்டைப் பேக்கிங் ஷீட்டிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். ஷீட்டைப் பாகத்தின்மேல் வைத்து விளிம்பில் குண்டு சுத்தியலால் தட்டுவது பழைய முறை. அலுமினியத்தில் கை மிக மெதுவாக இருக்க வேண்டும். ஆயில் துளைகள் ஒவ்வொன்றும் நேராக வந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவசியம்.

தடிமனும் முக்கியம். பிளாக்குக்கு அடியிலுள்ள கேஸ்கெட் 0.5 மி.மீ. கூடினால் எரியறையின் கொள்ளளவு ஏறத்தாழ 1.9 சி.சி. பெருகும், 6.5 மடங்காக இருந்த கம்ப்ரஷன் 6.3 அளவுக்கு இறங்கும். டேப்பெட் இடைவெளியும் மாறும்.

பூட்டுதல்

முழுச் செம்புத் தகட்டு ஹெட் கேஸ்கெட்டை மறுபடி பயன்படுத்தலாம். அழுந்தி இறுகிய செம்பை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மென்மை திரும்பும். கலப்புப் பொருளால் ஆனதை ஒரு முறைக்கு மேல் போடக்கூடாது.

நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, மூன்று நான்கு சுற்றில் இறுக்க வேண்டும். டார்க் அளவை அந்தந்த ஆண்டு வண்டியின் கையேட்டிலிருந்து எடுக்க வேண்டும். இடப்பக்கத்துச் சங்கிலிக் கவரை நடுவிலுள்ள ஒரே நட்டுதான் பிடிக்கிறது. கசிகிறதே என்று அதை மேலும் மேலும் முறுக்கினால் கவர் வளைந்து கசிவு கூடும். அங்கே மாற்ற வேண்டியது ரப்பர் வளையம். டேப்பெட்டை, எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில், புஷ்ராடு விரலால் சுழலும்படியும் மேலும் கீழும் ஆடாதபடியும் வைப்பது புல்லட்டின் முறை.

முதல் தடவை ஸ்டார்ட் செய்தவுடன் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் இணைப்பைச் சற்றுத் தளர்த்தி ஆயில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஒரு முறை நன்றாகச் சூடாக்கி, இரவு முழுக்க ஆறவிட்டு, ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, டேப்பெட்டைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை. அதுவரை நெடும்பயணத்துக்கு வண்டியை எடுக்க வேண்டாம்.