ரிச்சி, மத்தேயோ (1552–1610)

சீனாவில் கத்தோலிக்க மறைப்பணிக்கு அடித்தளமிட்ட இயேசு சபைத் துறவி. இத்தாலியின் மாச்செராட்டா நகரில் பிறந்தார். கோவாவில் இறையியல் பயின்று, 1580இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்றார். 1582இல் மக்காவ் சேர்ந்து சீனமொழி கற்கத் தொடங்கினார்.

வாழ்க்கைமுறை மாற்றம்: 1583இல் சக இயேசு சபைத் துறவி மிக்கேலே ருஜியேரியுடன் சாவோசிங் நகரில் குடியேறினார். இருவரும் தொடக்கத்தில் பௌத்தத் துறவிகளைப்போல் தலையை மழித்து, அவர்களின் உடையை அணிந்தனர். ஆனால் அரசு அலுவலரிடையே மதிப்புப் பெற்றவர்கள் கன்பூசிய அறிஞர்களே என்பதை ரிச்சி உணர்ந்தார். 1595இல் தாடியும் முடியும் வளர்த்து, அறிஞருக்குரிய பட்டாடைக்கு மாறினார். கன்பூசிய நூல்களை ஆழ்ந்து கற்று, லீ மாதோ என்ற சீனப் பெயரால் அறியப்பட்டார். நட்பைப் பற்றிச் சீனமொழியில் அவர் எழுதிய நூல் அறிஞர் பலரை அவரிடம் ஈர்த்தது.

பெய்ஜிங் வாழ்வு: 1601இல் தலைநகரில் தங்க இசைவு பெற்றார். பேரரசர் வான்லிக்கு அளித்த மணிப்பொறிகள் இதற்குப் பெரிதும் உதவின. 1602இல் சீனமொழியில் உலக வரைபடம் வெளியிட்டார். சீன அறிஞர் சூ குவாங்சியுடன் இணைந்து யூக்ளிடின் வடிவியலின் முதல் ஆறு பகுதிகளை மொழிபெயர்த்தார் (1607). பேரரசரின் இசைவுடன் பெய்ஜிங்கிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

சடங்குப் பூசல்: முன்னோர் வணக்கத்தையும் கன்பூசியருக்குச் செய்யும் மரியாதையையும் சமூகக் கடமைகளாகவே ரிச்சி கருதினார், அவற்றைக் கைவிடுமாறு மதம் மாறியோரை வற்புறுத்தவில்லை. பிற சபையினர் இதை எதிர்த்தனர். 1704இல் ரோம் இச்சடங்குகளைத் தடைசெய்தது. 1742இல் தடையை மீண்டும் உறுதிசெய்தது. 1939இல் தடை தளர்த்தப்பட்டபோது, ரிச்சியின் அணுகுமுறை பெருமளவு ஏற்கப்பட்டது.