நெடுந்தொலைவு மின்சாரக் கார்கள் (காஞ்சிபுரம் மாவட்டம்)

நெடுந்தொலைவு மின்சாரக் கார் என்பது ஒரு முழு சார்ஜில் 400 கி.மீ.க்குக் குறையாமல் ஓடும் என்று இந்தியச் சோதனை முறையில் சான்று பெற்ற பயணிகள் கார். பட்டுக்கும் கோயில்களுக்கும் பேர்பெற்ற காஞ்சிபுரம் மாவட்டம்தான் இந்தியாவில் இவ்வகைக் காரின் பிறப்பிடம். ஹூண்டாய் நிறுவனத்தின் கோனா எலெக்ட்ரிக் 2019இல் இம்மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலிருந்து விற்பனைக்கு வந்தது.

முன்னோடிகள்

இந்திய மின்சாரக் காரின் கதையில் தமிழ்நாட்டுக்கு முதலிலிருந்தே பங்குண்டு. 1993இல் வெளிவந்த லவ்பேர்ட் என்னும் இருவர் அமரும் காரை எடி கரண்ட் கண்ட்ரோல்ஸ் நிறுவனம் கேரளத்தின் சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் உருவாக்கியது. ஈய அமில பேட்டரியில் ஏறக்குறைய 60 கி.மீ. ஓடிய அந்தக் காருக்குச் செங்குத்தான மேடுகளில் ஏறும் வலு இல்லை. விற்பனையும் விரைவில் நின்றது.

2001இல் பெங்களூரில் சேத்தன் மைனியின் ரேவா வந்தது. அதுவும் ஈய அமில பேட்டரியையே நம்பியிருந்தது; தொலைவு 80 கி.மீ. இங்கிலாந்து வரை ஏற்றுமதியான அக்காரின் நிறுவனத்தில் 2010இல் மஹிந்திரா பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 2013இல் மஹிந்திரா கொண்டுவந்த இ2ஓ லித்தியம் அயனி பேட்டரியுடன் சுமார் 100 கி.மீ. ஓடியது. 2016இல் வந்த இ-வெரிட்டோ 110 கி.மீ.யில் நின்றது. இரு பத்தாண்டு உழைப்புக்குப் பிறகும் சென்னைக்குப் போய்த் திரும்பும் காஞ்சிபுரத்துக்காரரின் 150 கி.மீ. தேவையை இக்கார்களில் ஒன்றும் நிறைவேற்றவில்லை.

ஸ்ரீபெரும்புதூர்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் முதல் சான்ட்ரோ வெளிவந்தது. அதே ஆலை வளாகத்தில் ஒருங்கிணைக்கப்பட்ட கோனா எலெக்ட்ரிக் 2019 ஜூலை 9 அன்று அறிமுகமானது. 39.2 கிலோவாட் மணி பேட்டரி, 100 கிலோவாட் மோட்டார், 452 கி.மீ. சான்றுத் தொலைவு, ஏறக்குறைய 25.3 லட்சம் ரூபாய் விலை. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 1 முதல், மின்சார வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்ததால் விலை 24 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. பேட்டரியில் மின்கோளாறு இருக்கலாம் என்பதால் 2020 இறுதியில் 456 கார்கள் சரிபார்ப்புக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. விலை அதிகமாக இருந்ததால் விற்பனை சிறிதாகவே இருந்தது. ஆயினும் மின்சாரக் காரால் நகர எல்லையைத் தாண்ட முடியாது என்ற எண்ணத்தை உடைத்தது கோனாதான்.

2023இல் ஐயானிக் 5 (72.6 கிலோவாட் மணி, 631 கி.மீ.) இங்கேயே ஒருங்கிணைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் ஹூண்டாய் தமிழ்நாடு அரசுடன் 20,000 கோடி ரூபாய் முதலீட்டு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 1,78,000 பேட்டரித் தொகுப்புகள் செய்யும் ஆலையும் அதில் அடக்கம். 2025 ஜனவரியில் க்ரெட்டா எலெக்ட்ரிக் 17.99 லட்சம் தொடக்க விலையில் வந்தது.

சீனத்தின் பி.ஒய்.டி. நிறுவனமும் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கிறது. வாடகை நிறுவனங்களுக்கென 2021இல் இ6 வந்தது, 2022இல் பொதுமக்களுக்கு அட்டோ 3 (60.48 கிலோவாட் மணி, 521 கி.மீ.) வந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மஹிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ கார்களை உருவாக்கிய ஆராய்ச்சி மையம் அங்கேதான் உள்ளது. பி.எம்.டபிள்யூ. ஆலையும் அருகிலேயே இருக்கிறது, அதில் 2025 முதல் நீள வடிவ ஐஎக்ஸ்1 (66.4 கிலோவாட் மணி, 531 கி.மீ.) ஒருங்கிணைக்கப்படுகிறது.

சான்றுத் தொலைவும் சாலைத் தொலைவும்

கார்களை ஒப்பிடுவோர் முதலில் அறிய வேண்டியது, விளம்பரத்தில் உள்ள எண் எந்தச் சோதனையில் கிடைத்தது என்பதே. இந்திய ஓட்டச் சுழற்சி இரு பகுதிகளைக் கொண்டது: நகர ஓட்டம் முதற் பகுதி, புறநகர் ஓட்டம் இரண்டாம் பகுதி. இரண்டாம் பகுதியிலும் உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ.தான். ஐரோப்பாவில் வழங்கும் டபிள்யூ.எல்.டி.பி. முறையில் வேகம் 130ஐத் தாண்டுகிறது. இங்கே 452 கி.மீ. பெற்ற கோனாவின் 39.2 கிலோவாட் மணி மாதிரிக்கு அங்கே சுமார் 300 கி.மீ.தான் கிடைத்தது, 521 பெற்ற அட்டோ 3க்கு 420.

இந்திய முறைக்குள்ளும் வேறுபாடு உண்டு. டாடா கர்வ் இ.வி.யின் 55 கிலோவாட் மணி மாதிரி முதற் பகுதிச் சோதனையில் 585 கி.மீ. பெற்றது, இரு பகுதிகளும் சேர்ந்தபோது 502. வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு 400 முதல் 425 வரை கிடைக்கும் என்று டாடாவே அறிவித்தது. நேர்மையான இந்த அறிவிப்பு முறையை எல்லா நிறுவனங்களும் பின்பற்றுவது வாங்குவோருக்கு நன்மை. அதுவரை சான்றுத் தொலைவில் குறைந்தது கால் பங்கைக் கழித்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. நெடுஞ்சாலை வேகத்தில் இன்னும் சற்றுக் கழிக்க வேண்டும்.

வகைப்பாடு

பேட்டரிக் கொள்ளளவைக் கொண்டு இக்கார்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, 55 கிலோவாட் மணிக்குக் குறைந்தவை. க்ரெட்டா எலெக்ட்ரிக்கின் 51.4 கிலோவாட் மணி மாதிரி (அறிமுகத்தில் 473 கி.மீ.), டாடா நெக்சான் இ.வி. 45 (489 கி.மீ.), எம்.ஜி. விண்ட்சர் ப்ரோ (52.9 கிலோவாட் மணி, 449 கி.மீ.) ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாம் வகை, 55 முதல் 70 வரை. கர்வ் 55, அட்டோ 3, மஹிந்திரா கார்களின் 59 கிலோவாட் மணி மாதிரிகள், டாடா ஹாரியர் இ.வி. 65 (538 கி.மீ.), ஐஎக்ஸ்1 ஆகியவை இங்கே வருகின்றன. விலை, தொலைவு, எடை மூன்றும் ஒத்துப்போவது இவ்வகையில்தான்.

மூன்றாம் வகை, 70க்கு மேற்பட்டவை. ஹாரியர் இ.வி. 75 (627 கி.மீ.), எக்ஸ்.இ.வி. 9இ 79 (656 கி.மீ.), பி.ஒய்.டி. சீல் 82.56 முதலியவை. சீலில் ஒரே பேட்டரியுடன் பின்சக்கர இயக்க மாதிரி 650 கி.மீ. என்றும், இரு மோட்டார் கொண்ட நாற்சக்கர இயக்க மாதிரி 580 என்றும் அறிவிக்கப்பட்டன. வேகத்துக்குக் கொடுக்கும் விலை அந்த 70 கி.மீ.

வேதியியல் அடிப்படையிலும் இருவகை உண்டு. மேலே சொன்ன டாடா, மஹிந்திரா, பி.ஒய்.டி. கார்களில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. க்ரெட்டாவில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது. பின்னது எடை குறைவு. முன்னது வெப்பம் தாங்கும், நெடுங்காலம் உழைக்கும், அன்றாடம் முழுமையாகச் சார்ஜ் ஏற்றினாலும் தேய்மானம் குறைவு. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் காஞ்சிபுரத்துக்கு ஏற்றது இரும்பு பாஸ்பேட் வகையே.

காஞ்சிபுரத்திலிருந்து பயணம்

சென்னை 75 கி.மீ.; திருப்பதி, திருவண்ணாமலை இரண்டும் ஏறத்தாழ 110. இவ்வூர்களுக்குப் போய்வர முதல் வகைக் காரே போதும். பெங்களூர்தான் உண்மையான சோதனை. கச்சாப் பட்டுக்காகக் கர்நாடகம் செல்லும் பட்டு வணிகர்களின் சாலை அது: தேசிய நெடுஞ்சாலை 48 வழியாக வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் கடந்து சுமார் 275 கி.மீ. காஞ்சிபுரம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் கீழே. பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில். இரண்டு டன் எடையுள்ள கார் அவ்வுயரம் ஏற மட்டும் நாலரை கிலோவாட் மணி மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். இறங்கும்போது பிரேக் வழியாக அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். இரண்டாம் வகைக் கார் இப்பயணத்தை வழியில் நிற்காமல் முடிக்கும். பெங்களூரையும் தாண்டி ராமநகரம் பட்டுச் சந்தை வரை செல்வோருக்கு மூன்றாம் வகை நிம்மதி தரும்.

சார்ஜ் ஏற்ற வீட்டில் கார் நிறுத்துமிடம் வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய பழைய நெசவாளர் வீடுகளில் அது அரிது. 100 கி.மீ.க்கு 15 அலகு என்று கொண்டால், மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவரின் இருமாத மின்கணக்கில் 300 அலகு கூடும். மொத்தம் 500ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும்.

இன்றைய நிலை

2025இல் டெஸ்லா மாடல் ஒய், தூத்துக்குடியில் உருவாகும் வின்ஃபாஸ்ட் வி.எஃப். 6, வி.எஃப். 7 ஆகியவையும் சந்தைக்கு வந்தன. கோனா எலெக்ட்ரிக் விற்பனை 2024இலேயே நின்றுவிட்டது.